பம்ப் ஸ்டவ்வும் கிரேக்கத் தீயும்

2003 கோடை விடுமுறை. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மொத்தமே ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். மெயில் பார்க்க வருகிறவர்களைவிட எம்பயர்ஸ் விளையாட வருகிற பையன்கள்தான் அதிகம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்று முழுப்பெயரை யாரும் சொல்ல மாட்டோம், எம்பயர்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். நானும் என் பெரியப்பா மகன் அண்ணனும் ஒரு அணி, பக்கத்துத் தெருப் பையன்கள் எதிரணி, மேப் பெரும்பாலும் தீவுகள்தான். விளையாட்டில் இருக்கும் நாகரிகங்களில் அண்ணன் எப்போதும் பைசாண்டியர்களைத்தான் எடுப்பான். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் எங்கள் துறைமுகத்தை நோக்கி இருபது முப்பது அம்புக் கப்பல்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. அண்ணனிடம் இருந்ததோ எட்டே எட்டுத் தீக்கப்பல். அவற்றைத் தீவின் வளைவுக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்திவிட்டு, மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டான். நான் பதறுகிறேன். "அவசரப்படாதடா, கிட்ட வரட்டும்" என்றான். அவை வளைவைத் தாண்டித் திரும்பிய அந்த நொடியில் எட்டையும் ஒன்றாக உள்ளே விட்டான். முகப்பிலிருந்து தீ குழாய்த் தண்ணீர் மாதிரி பீய்ச்சி அடித்தது. எதிரணிக் கப்பல்கள் திரும்பி ஓட இடமில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு மூழ்கின.

எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு பம்ப் ஸ்டவ்.

அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளையில் உருண்டையான ஒரு டாங்க், அதில் மண்ணெண்ணெய். பக்கவாட்டில் ஒரு சின்ன பம்ப். நடுவில் மேலே எழும்பும் குழாய், அதன் நுனியில் ஊசி மட்டுமே நுழையக்கூடிய துளை வைத்த நிப்பிள். அம்மா முதலில் பர்னரைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பற்றவைப்பார். பர்னர் நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் காற்றுத் திருகை மூடிவிட்டு நாலு அடி பம்ப் அடித்தால், உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சூடான குழாய்க்குள் ஆவியாகி, உஸ்ஸென்று நீலச் சுடராக வரும். பொறுமையில்லாமல் பர்னர் சூடாவதற்கு முன்பே பம்ப் அடித்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆவியாகாத எண்ணெய் அப்படியே பீய்ச்சிக்கொண்டு வந்து பற்றும். மஞ்சள் தீ கூரையைத் தொடும், கரும்புகை, கூடவே ஒரு உறுமல். ஒருமுறை எங்கள் அடுப்படி ஓட்டுக்கூரையில் ஒட்டிய கரி, வீட்டை மாற்றும்வரை போகவில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், 1,300 ஆண்டுகளுக்கு முன் பைசாண்டியர்களின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், தலைநகரான கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) காப்பாற்றிய கிரேக்கத் தீ என்ற ஆயுதம் கிட்டத்தட்ட இந்த ஸ்டவ்தான். அம்மா வரவே கூடாது என்று பயந்த அந்த மஞ்சள் தீயைத்தான் அவர்கள் வேண்டுமென்றே வரவைத்தார்கள்.

கதை 670-களில் தொடங்குகிறது. அரபுக் கடற்படை கான்ஸ்டான்டினோபிளை நெருக்கிக்கொண்டிருந்த காலம், பேரரசர் நான்காம் கான்ஸ்டன்டைன். சிரியாவின் ஹீலியோபோலிஸ் நகரத்திலிருந்து (இன்றைய லெபனானின் பால்பெக் என்று பலர் சொல்கிறார்கள்) கல்லினிகோஸ் என்ற ஒரு கட்டடக் கலைஞர் தப்பி வந்து சேர்ந்தார், கடல் தீயை அவர்தான் செய்து கொடுத்தார் என்று பைசாண்டிய வரலாற்றாசிரியர் தியோஃபனிஸ் தன் காலவரிசை நூலில் எழுதிவைத்திருக்கிறார். அகதியாக வந்த ஒரு மனிதர்! அரபுப் படை பிடித்துவிட்ட ஊரிலிருந்து கிளம்பி வந்தவர். அவரைப் பற்றி இதற்குமேல் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பது எனக்கு இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. கிரேக்கத் தீ என்பது பின்னால் வந்த சிலுவைப் போர்க்காரர்கள் வைத்த பெயர். பைசாண்டியர்கள் தங்களை ரோமர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது கடல் தீ, அல்லது திரவத் தீ. திரவம் என்ற அந்தச் சொல் முக்கியம். அது பொடியோ உருண்டையோ இல்லை. பழைய எழுத்தாளர்கள் சிலர் இதில் வெடியுப்பு இருந்தது என்றெல்லாம் எழுதினார்கள், ஆனால் அந்த நூற்றாண்டில் அந்தப் பக்கம் வெடியுப்புப் பயன்பாட்டுக்கே வரவில்லை. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் சூடாகிப் பற்றியது என்று இன்னொரு கருத்தும் உண்டு. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது, அடிப்படைப் பொருள் கச்சா எண்ணெய், ஒட்டிக்கொண்டு எரிவதற்காக மர ரெசின் போன்ற ஏதாவது கலந்திருக்கலாம் என்று. கருங்கடலின் வடகிழக்கில், தமன் தீபகற்பத்தை ஒட்டிய பகுதியில், நிலத்திலிருந்து தானாகவே நாப்தா என்ற கச்சா எண்ணெய் ஊறும் ஊற்றுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பேரரசரே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். எண்ணெய்க் கிணறுகள் அரசாங்க ரகசியத்தின் பகுதியாக இருந்த காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் எண்ணெய் மட்டும் இருந்தால் போதாது. அதைச் சூடாக்க வேண்டும், அழுத்தம் ஏற்ற வேண்டும், பித்தளைக் குழாய் வழியாகத் தள்ள வேண்டும், வாயில் பற்றவைக்க வேண்டும். இந்தக் கருவிக்கு சைஃபன் என்று பெயர். ஆறாம் லியோ பேரரசர் எழுதிய போர் நூலில், கப்பலின் முகப்பில் வெண்கலம் போர்த்திய சைஃபன் இருக்க வேண்டும், தீ இடிமுழக்கத்தோடும் புகையோடும் வெளிவரும் என்று இருக்கிறது. அந்த இடிமுழக்கம் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அடுப்படி உறுமல்தான் காதில் கேட்டது. வடக்கே ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட இங்வார் என்பவரின் பயணக் கதையிலும் இதே காட்சி வருகிறது: கொல்லன் துருத்தியால் உலையை ஊதுகிறார்கள், பெரும் சத்தம் எழுகிறது, பித்தளைக் குழாயிலிருந்து தீ பறந்து வந்து ஒரு கப்பலை வெள்ளைச் சாம்பலாக்குகிறது. கதைதான், சரித்திரம் இல்லை. ஆனாலும் துருத்தி, உலை, குழாய் என்று வரிசை மாறாமல் சொன்னவர், பார்த்த யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2002-ல் ஜான் ஹால்டன் என்ற வரலாற்றாய்வாளர் சில தொழில்நுட்பக்காரர்களோடு சேர்ந்து இந்தக் கருவியைச் செய்தே பார்த்தார். டாங்க், கைப்பம்ப், சூடாக்கிய கச்சா எண்ணெய். 10 முதல் 15 மீட்டர் வரை தீ பாய்ந்தது, வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 15 மீட்டர் என்றால் ஒரு பேருந்தும் அதற்கு மேல் கொஞ்சமும். அவ்வளவுதான் தூரம்.

இந்த இடத்தில்தான் விளையாட்டைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வருகிறது. எம்பயர்ஸில் சாதாரண அம்புக் கப்பல் 5 கட்டம் தள்ளியிருந்தே அடிக்கும். தீக்கப்பலின் ரேஞ்ச் இரண்டரைக் கட்டம்கூடக் கிடையாது. நெருங்கிவிட்டால் ஆள் காலி, நெருங்குவதற்குள் அம்பு பட்டே செத்துவிடலாம். அண்ணன் வளைவுக்குப் பின்னால் ஒதுங்கியதற்குக் காரணம் அதுதான். 1999-ல் அந்த எண்ணைப் போட்டவர் யாரோ, ஆயுதத்தின் குணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

941-ல் நடந்ததைப் படித்தபோது அண்ணனின் அந்த ஆட்டம் அப்படியே கண்முன் வந்தது. கீவ் அரசன் இகோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளோடு வருகிறான் என்று செய்தி. பைசாண்டியக் கடற்படையோ வேறு முனைகளில் இருக்கிறது. பேரரசர் ரோமானோஸுக்குத் தூக்கமில்லை. அப்போது யாரோ வந்து, பதினைந்து பழைய உடைசல் கப்பல்கள் சும்மா கிடக்கின்றன என்று சொல்கிறார்கள். உடனே தச்சர்களைக் கூப்பிட்டு, இரவு பகலாக வேலை செய்து அவற்றைச் சரிபண்ணுங்கள், தீக்குழாயை முகப்பில் மட்டுமில்லாமல் பின்பக்கமும் இரண்டு விலாவிலும் பொருத்துங்கள் என்று உத்தரவு போடுகிறார். இதை எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த லியூட்பிராண்ட். அவருடைய வளர்ப்புத் தந்தை அந்த நேரத்தில் கான்ஸ்டான்டினோபிளில் தூதராக இருந்தார், அவர் சொல்லக் கேட்டது. பதினைந்து கப்பல்தானே, உயிரோடு பிடித்துவிடலாம் என்று இகோர் தன் படகுகளை விட்டுச் சுற்றி வளைக்கச் சொல்கிறான். சுற்றி வளைத்ததுதான் தப்பு. அன்று காற்றில்லை, கடல் தட்டுப்போல் கிடந்தது. நாலு பக்கமும் குழாய் வைத்த கப்பல் நாலு பக்கமும் தீயைக் கக்கியது. இகோரின் ரூஸ் இன வீரர்கள் தீயில் வேகாமல் இருக்கக் கடலில் குதித்தார்கள். கவசமும் தலைக்கவசமும் போட்டவர்கள் கல்லாக அடியில் போனார்கள், நீந்தியவர்களில் சிலர் அலை மேலேயே எரிந்தார்கள். பிடிபட்டவர்களை அந்த வளர்ப்புத் தந்தை முன்னிலையிலேயே தலையை வெட்டினார்கள். தப்பி ஊர் திரும்பியவர்கள் சொன்னதை ரூஸ் காலவரிசை நூல் பதிவு செய்திருக்கிறது: கிரேக்கர்களிடம் வானத்து மின்னல் போன்ற ஒன்று இருக்கிறது, அதை விட்டு எங்களை எரித்தார்கள், அதனால்தான் எங்களால் ஜெயிக்க முடியவில்லை.

சின்ன வயதில் திரையில் அந்தக் கப்பல்கள் மூழ்கியபோது கைதட்டினேன். இப்போது இந்தப் பக்கத்தைப் படித்தால் கைதட்ட வரவில்லை. எரிகிற எண்ணெய் தண்ணீரில் மிதந்து வரும்போது ஒரு மனிதன் எந்தப் பக்கம் போவான்? திரையில் கப்பல் மட்டும்தான் மூழ்குகிறது, ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை.

லியூட்பிராண்ட் சொன்ன அந்தக் காற்றில்லாத கடல் இருக்கிறதே, அது விளையாட்டில் சுத்தமாக இல்லை. எம்பயர்ஸின் கடலில் காற்றே அடிப்பதில்லை, அலை கிடையாது, எந்த நேரமும் தீக்கப்பல் ஒரே மாதிரி வேலை செய்யும். நிஜத்தில் எதிர்க்காற்று அடித்தால் உன் தீ உன் முகத்துக்கே திரும்பி வரும். மரக்கப்பல், உள்ளே சூடான எண்ணெய் டாங்க், கீழே நெருப்பு. அந்தக் குழாயைப் பிடித்து நின்றவனின் தைரியத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆதங்கம். மாட்ரிட் நூலகத்தில் இருக்கும் 12-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் ஒரு புகழ்பெற்ற ஓவியம் உண்டு, கிரேக்கத் தீ என்று தேடினால் முதலில் வருவது அதுதான். இடது பக்கக் கப்பலில் துடுப்புக்காரர்கள், முன்னால் ஒருவன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருக்கிறான், அதன் வாயிலிருந்து சிவப்புத் தீ எதிர்ப்படகின் மேல் போய் விழுகிறது. அந்தக் கைகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அந்தப் பித்தளை எவ்வளவு சுட்டிருக்கும்?

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனசில்லை. அன்னா கொம்னேனே, பேரரசரின் மகள், அப்பாவின் வரலாற்றை எழுதியவர். 1099-ல் பீசா நகரத்துக் கப்பல்களோடு நடந்த சண்டையைச் சொல்லும்போது, அப்பா ஒவ்வொரு கப்பலின் முகப்பிலும் வெண்கலத்திலும் இரும்பிலும் சிங்கம் போன்ற விலங்குகளின் தலைகளைச் செய்து, வாயைத் திறந்தபடி வைத்து, தங்க முலாம் பூசச் சொன்னார் என்கிறார். தீ சிங்கத்தின் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கும். பீசாக்காரர்கள் எதற்கு அரண்டார்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தீ என்றால் மேல்நோக்கித்தானே எரியும்? இது அனுப்பியவன் சொன்ன பக்கமெல்லாம், கீழேயும் பக்கவாட்டிலும் பாய்கிறதே என்றுதான் பயந்தார்களாம். சுடர் மேலே போகும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதையே மாற்றிக் காட்டினால் எவன்தான் நிற்பான்?

சரி, எனக்கு விளையாட்டின் மேல் உள்ள உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். எம்பயர்ஸில் தீக்கப்பல் பைசாண்டியர்களுக்கு மட்டும் உரியது இல்லை. கான்ஸ்டான்டினோபிளைக் கண்ணால் பார்த்திராத நாகரிகங்களில் பெரும்பாலானவற்றுக்கும் அது உண்டு. நாங்கள் ஆடிய காலத்தில் 75 மரம், 45 தங்கம் கொடுத்தால் துறைமுகத்திலிருந்து ஒன்று இறங்கிவிடும். பைசாண்டியர்களின் தீக்கப்பல் மற்றவர்களுடையதைவிட வேகமாக அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 2013-ல் வந்த தி ஃபர்காட்டன் என்ற விரிவாக்கத்தில்தான் கிரேக்கத் தீ என்ற பெயரிலேயே ஒரு தொழில்நுட்பம் அவர்களுக்குத் தனியாகக் கிடைத்தது. கோட்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பட்டை நிரம்பும், தீக்கப்பலின் ரேஞ்ச் ஒரு கட்டம் கூடும். அப்புறம் அது உன்னிடமே இருக்கும். கோட்டை இடிந்தாலும் போகாது, கப்பல் எல்லாம் மூழ்கினாலும் போகாது, இருந்த ஊழியர்கள் எல்லோரும் செத்தாலும் போகாது. புதிதாகத் துறைமுகம் கட்டினால் மறுபடி வந்துவிடும்.

நிஜம் இதற்கு நேரெதிர். 10-ஆம் நூற்றாண்டில் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்கு எழுதிய ஆட்சிக் குறிப்பில், வெளிநாட்டவர் கேட்டாலும் கொடுக்கவே கூடாத மூன்றைச் சொல்கிறார்: அரச உடையும் கிரீடமும், பெண் கொடுப்பது, இந்தத் தீ. யாராவது தீயைக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார். இது கடவுள் தேவதூதர் வழியாக முதல் கிறிஸ்தவப் பேரரசரான கான்ஸ்டன்டைனுக்குக் கொடுத்தது, யாருக்கும் தரக்கூடாது என்று தேவாலயப் பலிபீடத்தில் சாபம் எழுதி வைத்திருக்கிறது, ஒரு தளபதி லஞ்சம் வாங்கிக்கொண்டு கொடுத்தார், அவர் தேவாலயத்துக்குள் காலடி வைக்கும்போது வானத்திலிருந்து தீ விழுந்து எரித்துவிட்டது என்று சொல்லிவிடு. அதே புத்தகத்தில் பின்னால் ஓரிடத்தில், கல்லினிகோஸ் ஹீலியோபோலிஸிலிருந்து வந்து செய்து கொடுத்தார் என்ற உண்மையையும் அவரே எழுதியிருக்கிறார்! தேவதூதர் கதை வெளியாருக்கு, கல்லினிகோஸ் வீட்டுக்குள் மட்டும். அவர் பொய் சொன்னார் என்று எனக்குக் கோபம் வரவில்லை. ஊரைக் காப்பாற்ற வேறு எதை வைத்துக் காவல் போடுவார்?

ரகசியம் எங்கே இருந்தது என்பதற்கு 812-ல் நடந்த ஒன்று போதும். பல்கேரிய அரசன் க்ரும் கருங்கடல் கரையோரம் மெசெம்ப்ரியா நகரத்தைப் பிடித்தான். அங்கேயும் டெபெல்டோஸிலும் அவன் ஆட்களுக்கு 36 வெண்கல சைஃபன்களும், நிறையத் திரவத் தீயும் கிடைத்தன என்று தியோஃபனிஸ் எழுதுகிறார். கருவியும் கையில், எண்ணெயும் கையில். இருந்தும் பல்கேரியர்கள் அதைக் கடலில் பயன்படுத்தியதாகச் செய்தியே இல்லை. எவ்வளவு சூடாக்க வேண்டும், எப்போது பம்ப் அடிப்பதை நிறுத்த வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் விலகி ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்த 36 குழாய்களில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது சில ஆட்களின் கையிலும் காதிலும் இருந்தது. எண்ணெய் கொண்டுவருபவருக்கு டாங்க் செய்யத் தெரியாது, டாங்க் செய்பவருக்குக் கலவை தெரியாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் தெரியும்படி வைத்திருந்திருப்பார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. எதிரியிடமிருந்து காப்பாற்ற அது நல்ல வழி. ஆனால் ஒரு துண்டு அறுந்தாலே மொத்தமும் போய்விடும்.

போயும்விட்டது. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் பேரரசு தன் கடற்படையைக் கவனிக்காமல் விட்டது, கப்பலுக்கு வெனிஸை நம்பத் தொடங்கியது, கருங்கடலின் வடகரை எண்ணெய் ஊற்றுகள் கைவிட்டுப் போயின. 1204-ல் சிலுவைப் போர்க்காரர்களின் கப்பல்கள் கான்ஸ்டான்டினோபிள் சுவரையே வந்து தொட்டபோது, 941-ல் உடைசல் கப்பல்களால் முடிந்தது அந்த நகரத்தால் முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் தீக்கப்பல் விட்டார்கள்தான், ஆனால் அது விறகும் தாரும் ஏற்றிப் பற்றவைத்துத் தள்ளிய வெறும் கப்பல்கள், வெனிஸ் மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்து ஒதுக்கிவிட்டார்கள். சைஃபன் பேச்சே இல்லை.

அண்ணன் இப்போது துபாயில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஆன்லைனில் இன்னமும் ஆடுகிறோம், தீவுகள் மேப்தான், பைசாண்டியர்கள்தான். ஒருநாள் இந்தப் பல்கேரியர் கதையை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மைக்கில் சத்தமே இல்லை. அப்புறம், "அப்படின்னா இந்த கேம்ல கோட்டை இடிஞ்சா அந்த டெக்னாலஜியும் போயிடணும்ல?" என்றான். அதே யோசனை எனக்கும் ரொம்ப நாளாக உண்டு. ஒரு விளையாட்டிலாவது அப்படி வைத்துப் பார்க்க வேண்டும்: தீக்குழாய் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் பத்தே பேர், அவர்கள் போனால் மறுபடி பட்டை நிரம்பாது.

போன மாதம் ஊருக்குப் போனபோது பரணில் இருந்து அந்த ஸ்டவ்வை இறக்கினேன். மகளுக்குப் பற்றவைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை பளிச்சென்று ஆகிவிட்டது, நிப்பிள் துளையைப் பின் விட்டுக் குத்தினேன், பழைய கேனில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தது. எல்லாம் இருந்தது. பம்ப் அடித்தால் மட்டும் காற்றே ஏறவில்லை, தண்டு சும்மா உள்ளே போய் வெளியே வந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அக்கா வீட்டில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"தோல் வாஷர் காஞ்சு போயிருக்கும்டா. கழட்டி எடுத்து ராத்திரி பூரா தேங்காயெண்ணெயில ஊறப் போடு. காலையில கூப்பிடு, எப்படிப் பத்த வைக்கணும்னு சொல்றேன். நான் சொல்லாம நீயா பம்ப் அடிச்சிடாத."